சேலை கடிக்கும் பெஞ்சு

பெத்தானியாவிளை தூய தோமா ஆலயத்தில், பெண்கள் பக்கம், கடைசியிலிருந்து மூன்றாவதாகக் கிடந்த தேக்குப் பெஞ்சு, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், ஆலயத்தைப் பெருக்கி மணியடிக்கும் கோயில் குட்டி ஆசீர் கதவைத் திறந்து வைத்துவிட்டு விளக்குமாறு எடுக்கப் போன நேரத்தில், தன் இடத்தை விட்டுக் கிளம்பி, நடைபாதைச் சணல் விரிப்பின் மேல் நடந்து, வாசற்படியில் மட்டும் கொஞ்சம் தயங்கி, முன்னங்கால் இரண்டையும் முதலில் இறக்கிப் பின்னங்கால் இரண்டையும் பிறகு இறக்கி, பஞ்சாயத்துக் குழாய், ரேஷன் கடை எல்லாம் தாண்டி, தார் ரோட்டைப் பிடித்துச் சந்தைமேட்டுக்குப் போயிற்று. ஆசீர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பெஞ்சு கிடந்த இடத்தில் ரொம்ப நாளாகச் சேர்ந்து போயிருந்த தூசியைப் பெருக்க இதைவிட நல்ல சமயம் கிடைக்காது என்று பெருக்கத் தொடங்கினார்.

அந்தப் பெஞ்சில் யாரும் உட்காருவதில்லை. ஒரு கால் குட்டை. அதற்கு யாரோ பழைய டயரை வெட்டி லாடம் மாதிரி அடித்திருந்தார்கள். அதுகூடப் பரவாயில்லை. உட்காரும் பலகையில் நீளவாக்கில் ஒரு விரிசல் இருந்தது. பாட்டுக்கு எழுந்து நிற்கும்போது அந்த விரிசல் சேலையைக் கவ்விக்கொள்ளும். முந்தின குருவானவரின் சம்சாரம் பட்டுச்சேலையின் ஒரு முழத்தை அதற்குக் கொடுத்துவிட்டுத்தான் மாற்றலாகிப் போனாள். அன்றிலிருந்து அது குடைக்கும், பைக்கும், அழுகிற பிள்ளையின் ஈரத்துணிக்கும் ஆன பெஞ்சு. சேலை கடிக்கும் பெஞ்சு என்று பேர்.

அது தேடிப் போன ஆள் வேதக்கனி.

வேதக்கனி ஆட்டு வியாபாரி. புருஷன் செத்த வருஷம், ஒரு நொண்டிக் கிடாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு அந்த ஆம்பளைச் சந்தைக்குள் நுழைந்து, முதல் வாரம் சிரித்தவனை இரண்டாம் வாரம் திட்டி, திட்டினவனிடமே மூன்றாம் வாரம் ஆடு விற்று, ஏமாந்து, ஏமாந்ததில் தொழில் படித்து, கடைசியில் புளியமரத்து நிழல் என்றால் அது வேதக்கனியின் இடம் என்று சந்தையே ஒத்துக்கொள்ளும்படி நின்றுவிட்டவள். நின்றுவிட்டவள் என்று சொன்னது சும்மா இல்லை. அந்தச் சந்தையில் உட்காருகிற வழக்கம் கிடையாது. டீ குடிப்பது நின்றபடி, சண்டை போடுவது நின்றபடி, சமாதானமாவதும் நின்றபடி. உட்கார்ந்தவன் களைத்தவன், களைத்தவன் ஆட்டை வீட்டுக்குத் திருப்பி ஓட்டமாட்டான், திருப்பி ஓட்டமாட்டாதவன் கேட்ட விலைக்குத் தருவான். சந்தை எல்லோரையும் இப்படித்தான் அளந்தது.

விலையை அங்கே வாயால் சொல்வதில்லை. துண்டை விரித்து, அதற்குள் வாங்குகிறவன் கையும் விற்கிறவன் கையும் போய், விரலைப் பிடித்து அழுத்தித்தான் பேரம். மேலே முகம் ஊர்க்கதை பேசும். கீழே விரல்கள் கழுத்தைப் பிடிக்கும். மூடின கையை நீட்டினால் பேரம் முறிந்தது, என்னிடம் தர ஒன்றுமில்லை, ஆளை விடு என்று அர்த்தம். மூடின கையை அந்தச் சந்தையில் யாரும் பிடித்ததில்லை.

ஆண்டவரிடமும் வேதக்கனிக்கு வியாபாரம்தான். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கு வந்தாலும் உட்காரமாட்டாள். பின்வாசல் தூணோரம் நின்றுகொண்டு, ஜெபநேரத்தில் வலது கைமேல் துண்டைப் போட்டு, உள்ளே விரல்களை நீட்டுவாள். மகளுக்கு நல்ல இடம் அமையட்டும், ஒரு கிடாய். மந்தைக்கு நோய் வராமல் போகட்டும், இரண்டு குட்டி. விரலை அழுத்த மறுபக்கம் கை எதுவும் வராது. வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வாள். கேட்டது நடந்தால் ஆலயத்து அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாக ஆடு வந்து சேர்ந்துவிடும். தான் ஒரு தடவையும் வாக்குத் தவறினதில்லை, அவர்தான் இரண்டொரு தடவை தவறினார் என்பது அவள் கட்சி.

அந்த வருஷம் ஐப்பசி மழைக்கு முன்னால் அவள் முழங்கால்கள் தவறத் தொடங்கின. வலி கிடையாது. சொல்லாமல் கொள்ளாமல் மடங்கும், அவ்வளவுதான். பாளையங்கோட்டை டாக்டர், நரம்பு தளர்ந்துபோச்சு, இதற்குமேல் கூடாமல் பார்க்கலாம், பழையபடி ஆகாது என்றார். "முழுசா வேண்டாம் சார், பாதி குணம் குடுங்க, போதும்" என்று அவரிடமும் பேரம் பேசினாள். அவர் மாத்திரை எழுதித் தந்தார். மகள் கோயம்புத்தூரிலிருந்து வந்து கூப்பிட்டதற்கு, "நான் என்ன கசாப்புக்குப் போற ஆடா, ஏத்திட்டுப் போறதுக்கு" என்று விரட்டிவிட்டாள். பிறகு கம்பை ஊன்றினாள். கேட்டால் ஆடு மேய்க்க என்றாள். புளியமரத்தில் முதுகைக் கொடுத்தாள். கேட்டால் அரிப்பு என்றாள். ஊர் நம்பினமாதிரி இருந்தது. சந்தை நம்பவில்லை. கறிக்கடைக்காரர்கள் அவள் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு முழங்காலைப் பார்க்கத் தொடங்கினார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின சந்தைதான் வருஷத்துக்கே சந்தை. அதுவரை நின்று காட்டிவிட்டால் புளியமரம் அவளுடையது. அதற்குள் ஒரு நாள் உட்கார்ந்துவிட்டால் மரத்தை வேறு ஆள் எடுத்துக்கொள்வான். அப்புறம் கோயம்புத்தூரில் மகள் வீட்டு மாடியில், வேலைவெட்டி இல்லாமல், மற்றவர்கள் வேளாவேளைக்குத் தட்டில் வைப்பதைத் தின்றுகொண்டு கிடக்க வேண்டியதுதான். அதை நினைத்தால் அவளுக்குக் கால் மடங்குவதற்கு முன்னால் நெஞ்சு மடங்கியது.

இப்படி இருக்கும்போதுதான் பெஞ்சு வந்தது.

வேதக்கனி அப்போது மேலப்பாளையம் மொகைதீன் பாயின் துண்டுக்குள் கையை விட்டிருந்தாள். அவளுக்குச் சரியான போட்டி என்றால் சந்தையில் பாய் ஒருவர்தான். கீழே பேரம் இரண்டு விரலுக்கும் மூன்று விரலுக்கும் நடுவில் இழுபறியாக நிற்க, மேலே பாய் தன் மருமகனின் வாய்த்துடுக்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்க, முழங்கால் போயிற்று. விழாமலிருக்க அவள் பாயின் கையை மொத்தமாக இறுக்கிப் பிடித்தாள்.

"யா அல்லா, அஞ்சா? இந்த வத்தக் கிடாய்க்கா அஞ்சு கேக்குறிய?" என்றார் பாய், துண்டு ரகசியத்தையும் மறந்து.

அப்போது வேதக்கனியின் முழங்காலின் பின்பக்கத்தில் மரம் வந்து தொட்டது. திரும்பிப் பார்த்தாள். மடக்கின கால்மாதிரி லாடம் அடித்த குட்டைக்காலைத் தரையில் ஊன்றி, ரோட்டுப் புழுதியோடு, பெஞ்சு நின்றது. முதுகுப்பலகையில் பெயிண்டில் எழுதின, பாதி அழிந்துபோன ஏதோ ஒரு புண்ணியவாளனின் பேரை வைத்து எந்தப் பெஞ்சு என்று தெரிந்துகொண்டாள். கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அந்தக் கோபத்தின் பலத்திலேயே நிமிர்ந்து நின்றுவிட்டாள்.

"எங்க கோயில் பெஞ்சுக்கு ஆட்டுச்சந்தையில என்ன சோலி? போ! போன்னா போ!" என்று கம்பால் நாலு போடு போட்டாள்.

பெஞ்சு அடியை வாங்கிக்கொண்டு நின்றது. சந்தை கலையும்வரை நின்றது. சாயங்காலம், நல்ல வீட்டுப் பிள்ளைமாதிரி பத்தடி தள்ளி, டக், டக், டக், டொப் என்று குட்டைக்காலைச் சாய்த்துச் சாய்த்து, அவள் வீட்டுப் படலைவரை பின்னாலேயே வந்துவிட்டு, ஆலயத்துக்குப் போய் தன் இடத்தில் கிடந்தது. அடுத்த செவ்வாயும் வந்தது. அப்புறம் செவ்வாய் என்று இல்லை. அவள் ரேஷனுக்குப் போனாலும், தீவனம் வாங்கப் போனாலும், பின்னால் டக், டக், டக், டொப்.

ஊர் அதைப் பற்றி ஆச்சரியப்படவில்லை. ஊருக்கு அதைவிட முக்கியமான கேள்விகள் இருந்தன. ஆலயச் சொத்து, பக்கத்துச் சபைகள் சேர்ந்த சேகரத்தின் எல்லையைத் தாண்டிப் போகலாமா என்று கமிட்டி கூடிப் பேசியது. பெஞ்சு ராத்திரி திரும்பி வந்துவிடுவதால் அதைத் தொலைந்த பொருளாகக் கருத முடியாது என்று முடிவானது. மழை நாளில் அவள் பஸ் ஏறியபோது பெஞ்சும் பின்படியில் ஏற, கண்டக்டர் அதற்கு லக்கேஜ் போட்டார்; பெஞ்சில் ஒரு கர்ப்பிணி உட்கார்ந்துகொண்டதும், சீட்டுக்கு லக்கேஜ் போட்டது எந்த ஊர் நியாயம் என்று பஸ்ஸே சண்டைக்கு வர, டிக்கெட்டைக் கிழித்துப் போட்டார். சந்தைமேட்டு ஏட்டு, போக்குவரத்துக்கு இடைஞ்சலாக நிறுத்தியது யார் என்று கேட்டு, யாரும் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது என்று தெரிந்ததும், அப்படியானால் தன் சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று போய்விட்டார். அம்மன் கோயில் பூசாரி வழியில் அதைக் கண்டால் ஒதுங்கி வழிவிட்டார். பெண்கள் ஐக்கிய சங்கத்துக் காரியதரிசி மரியபுஷ்பம் மட்டும் மனசு ஆறாமல் இருந்தாள்.

"முப்பது வருஷமா ஒரு ஆராதனை விடாம வாரேன். எனக்கு மூட்டுவலி இல்லையா? ஒரு முக்காலிகூட என் வாசலுக்கு வரலியே! தூணைப் பிடிச்சுட்டு நிக்கிறவளுக்குத் தேக்குப் பெஞ்சு!" என்றாள் குழாயடியில்.

"வேணும்னா நீ கூட்டிட்டுப் போயேம்ட்டி" என்றாள் வேதக்கனி. "கயிறு போட்டு இழுத்துட்டுப் போ. உனக்குப் புண்ணியமாப் போகும்."

கடைசியில் ஐயரே வந்தார். குருவானவரை அந்தப் பக்கத்தில் ஐயர் என்றுதான் சொல்வார்கள். நவமணி ஐயர் இளவயசுக்காரர், ஆஸ்துமாக்காரர். பாதிப் பிரசங்கத்தில் மூச்சு வாங்கும்போது பாக்கெட்டிலிருந்து பம்பை எடுத்து வாயில் அடித்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வார். வேதக்கனி வீட்டு முற்றத்தில், படலைக்கு வெளியே நின்ற பெஞ்சைப் பார்த்தபடி நின்றார்.

"உக்காருங்க ஐயரே, அதுலதான்" என்றாள் வேதக்கனி.

"எனக்கு வரலியேம்மா அது. உங்களுக்குல்லா வந்திருக்கு."

"எனக்கு எதுக்கு? நான் கேக்கலியே. நான் கால் கேட்டேன். கிடாய் ஒண்ணுன்னு விரலும் காட்டினேன். அப்புறம் ரெண்டுன்னேன். நல்ல வெள்ளாட்டங்கிடாய். பதிலுக்குக் குட்டைக்கால் பெஞ்சு அனுப்பினா அது என்ன வியாபாரம்? அதுவே நொண்டுது!"

ஐயர் சிரித்தார், சிரிப்பு இருமலாகி, பம்பு அடித்து நின்றது. "பவுல் அப்போஸ்தலனுக்கும் உடம்புல ஒரு முள்ளு இருந்துச்சும்மா. எடுத்துப்போடும், எடுத்துப்போடும்னு கெஞ்சினாரு. ஆண்டவர் முள்ளை எடுக்கல. நான் கூட இருக்கேன், அது போதும்னுட்டாரு."

"பவுல் என்ன விலை குடுத்தாரு அதுக்கு?"

"அவர்கிட்ட குடுக்க ஒண்ணுமில்ல."

"அப்ப அவரு வியாபாரி இல்ல" என்றாள் வேதக்கனி. அத்தோடு பேச்சை முடித்தாள்.

ஆனால் அவளுக்கு ஒன்று பிடிபட்டமாதிரி இருந்தது. பெஞ்சு போகாமல் நிற்பது, சேரவேண்டியது இன்னும் சேராததால்தான். சரக்கு இறக்கினவன் விலை வாங்காமல் வாசலை விட்டு நகர்வானா? மந்தையிலேயே பெரிய கிடாய், கிறிஸ்துமஸ் சந்தைக்கென்று கம்பும் கடலைக்கொடியும் போட்டுப் பிள்ளைமாதிரி வளர்த்த செங்கிடாய், அதைக் கொண்டுவந்து பெஞ்சின் காலில் கட்டினாள். "இந்தா, விலை. பெஞ்சு வந்துபோனதுக்கும் சேத்து. இனி நீ யாரோ நான் யாரோ. ஆண்டவர்கிட்டயும் சொல்லிரு" என்றாள்.

பெஞ்சு கிடாயோடு புறப்பட்டுப் போயிற்று. மறுநாள் காலை படலையைத் திறந்தபோது பெஞ்சு வெளியே நின்றது. அதன் மேல், கல்யாண மாப்பிள்ளை மாதிரி நாலு காலும் ஊன்றி, செங்கிடாய் நின்றுகொண்டு வாயில் எதையோ அசைபோட்டுக்கொண்டிருந்தது. ஆசீர் பின்னாலேயே வந்தார். "யக்கா, உங்க கிடாய் பீடத்துப் பூ பூராத்தையும் தின்னுட்டு. ஐயர் ஒண்ணும் சொல்லல. ஆனா பெஞ்சு ராத்திரி பூரா கதவை முட்டிக்கிட்டே இருந்துச்சு, இதைத் திருப்பிக் குடுக்கணும்னு."

வேதக்கனிக்குத் தன் தொழில் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பயம் வந்தது. விலை வாங்க மறுக்கிறவனிடம் எப்படி வியாபாரம் செய்வது?

கிறிஸ்துமஸ் சந்தை வந்தது. லாரி லாரியாகக் கறிக்கடைக்காரர்கள் வந்தார்கள். வேதக்கனி விடிந்ததிலிருந்து புளியமரத்தடியில் நின்றாள். மரத்தில் சாயவில்லை; கம்பையும் கொண்டுவரவில்லை; பார்க்கட்டும் என்று நின்றாள். பெஞ்சு அவளுக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில் நின்றது. நல்ல வெயில் ஏறி, வியாபாரம் சூடுபிடித்து, நாலு பேர் துண்டோடு அவளைச் சுற்றி நின்ற சமயத்தில், இரண்டு முழங்காலும் ஒரே நேரத்தில் போயின. ஒரு வியாபாரியின் தோளைப் பிடிக்கப் போனாள். அவர் தோளை விலக்கிக்கொண்டார். ஆட்டுப் புழுக்கையும் மண்ணுமாகக் கிடந்த தரையில் வேதக்கனி விழுந்தாள்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவள் எழுந்திருப்பாள். சுற்றி நின்றவர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மெதுவாக, மரியாதையாக, அடுத்த மந்தையைப் பார்க்க நகர்ந்தார்கள். அந்த மரியாதைதான் அவளைக் கொன்றது. கையை ஊன்றினாள், கால் வரவில்லை. மறுபடி ஊன்றினாள். பெஞ்சு குட்டைக்காலை மடக்கினமாதிரி அவள் பக்கமாகச் சாய்ந்து கொடுத்தது. ஒரு முனையைப் பிடித்து, புழுதியோடும் புழுக்கையோடும், அத்தனை பேர் பார்க்க, சந்தை என்று ஒன்று கூடின நாளிலிருந்து யாரும் செய்யாததைச் செய்தாள். உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தவள் என்ன செய்வதென்று தெரியாமல், பழக்கத்தில், துண்டை மடியில் விரித்து வலது கையை உள்ளே விட்டாள். துண்டுக்கு அந்தப்பக்கம் ஆள் யாரும் இல்லை. எந்த விரலை நீட்டலாம் என்று யோசித்தாள். கிடாயா, திருப்பி அனுப்பியாயிற்று. நின்று காட்டின நிலையா, அதோ தரையில் கிடக்கிறது. ரோஷமா, அதைத்தான் இப்போது சந்தை முழுக்கப் பார்த்துவிட்டதே. ஒவ்வொரு விரலாக மடக்கிக்கொண்டே வந்தாள். கடைசியில் துண்டுக்குள் மூடின கைதான் மிஞ்சியது. "அவ்வளவுதான் ஆண்டவரே" என்றாள், சத்தம் வராமல். "எங்கிட்ட ஒண்ணுமில்ல. ஆளை விட்டுரும்."

பேரம் முறிந்தது என்று எழுந்திருக்க முயன்றாள். முடியவில்லை. காலால் அல்ல. திரும்பிப் பார்த்தாள். பலகையின் விரிசல் அவள் சேலைத் தலைப்பைக் கவ்வியிருந்தது. இழுத்தாள், விடவில்லை. கிழிக்கவுமில்லை. குட்டியின் கழுத்துத் தோலைத் தாய்ப்பூனை பிடிக்குமே, அந்தப் பதத்தில் பிடித்திருந்தது. ஓங்கி இழுத்தாள்; அந்தப் பதம் மாறவில்லை. வேதக்கனிக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்புக்குப் பின்னாலேயே, புருஷன் செத்த அன்றைக்குக்கூட வராத அழுகை வந்தது. சந்தை முழுக்கப் பார்க்க, உட்கார்ந்தபடி, சேலை நுனி பெஞ்சின் வாயில் இருக்க, அழுதாள்.

"நகருங்கக்கா கொஞ்சம்."

மொகைதீன் பாய் நின்றார். நாலு பக்கமும் ஒரு தடவை பார்த்துவிட்டு, பெஞ்சின் மறுமுனையில் மெல்ல உட்கார்ந்து, நீளமாக மூச்சு விட்டார்.

"நெஞ்சுல அடைப்புக்கா. ரெண்டு வருஷமாச்சு. வீட்டுக்குக்கூடத் தெரியாது. இந்த வெயில்ல நிக்க முடியல."

"அதான் மருமகன் கதையா இழுத்துட்டிருந்தீரா?" என்றாள் வேதக்கனி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "நான்கூட விலைய இழுக்கிறீருன்னுல்லா நெனச்சேன்."

"அதுவும்தான்" என்றார் பாய்.

சர்க்கரையில் ஒரு கால்விரலை இழந்து அதைச் செருப்புக்குள் ஒளித்துவைத்திருந்த கோவில்பட்டிக்காரர் அடுத்து வந்தார். இடுப்புப் பிடித்த தரகர் ஒருவர், ஒரு நிமிஷம்தான், டீ வருகிறவரைதான் என்று சொல்லிக்கொண்டு வந்தார். பெஞ்சு எல்லோருக்கும் இடம் கொடுத்தது. எப்படிக் கொடுத்தது என்று யாரும் கேட்கவில்லை. இடம் போதாதவர்கள் புளியமரத்து வேரில் உட்கார்ந்தார்கள். மத்தியானத்துக்குள் சந்தையில் பாதி உட்கார்ந்துவிட்டது. இத்தனை பேர் உட்கார்ந்துவிட்டதால் யார் களைத்தவர் என்று சொல்ல வழியில்லாமல் போயிற்று, விலை விழவில்லை.

பாய் துண்டை விரித்தார். "சரி, அந்தச் செங்கிடாய். சொல்லுங்க."

வேதக்கனி கையை உள்ளே விட்டு அவர் விரல்களைப் பிடித்து அழுத்தினாள்.

"அடிப்பாவி!" என்று பாய் அலறினார். "இப்பதான அழுதீங்க!"

"அது ஆண்டவருட்ட" என்றாள் வேதக்கனி. "உம்மட்ட எதுக்கு அழணும்? நெஞ்சடைப்புக்காரர்னு ஒரு விரல் குறைக்கேன். அதுக்கு மேல கேட்டா எந்திரிச்சுப் போம்."

அந்த ஞாயிறு தூய தோமா ஆலயத்தில் மணியடித்தபோது, பின்வாசல் தூணோரம் காலியாக இருந்தது. பெண்கள் பக்கம், கடைசியிலிருந்து மூன்றாவது பெஞ்சில், குடைகளையும் பைகளையும் ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு, துண்டு இல்லாமல், இரண்டு கையையும் வெறுமனே மடியில் திறந்து வைத்துக்கொண்டு வேதக்கனி இருந்தாள். மரியபுஷ்பம் வந்து பார்த்தாள், முறைத்தாள், "தள்ளுட்டி, எனக்கும் மூட்டுவலிதான்" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். பலகையின் விரிசலில் வேதக்கனியின் சேலை நுனி சிக்கியிருந்தது. அவள் அதை இழுக்கவில்லை. நவமணி ஐயர் பம்பை ஒரு தடவை அடித்துக்கொண்டு, பாட்டின் எண்ணைச் சொன்னார். சபையார் எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

வேதக்கனி உட்கார்ந்தே பாடினாள்.